பென்சிலில் நாற்பத்தேழு

அம்மாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த சாதாரண வேலை, ஒரு சனிக்கிழமை மதியம் சமையலறை மேசையில் ஒலி மீட்டரைச் சரிபார்த்தது. அதற்குப் பிறகும் சேர்ந்து பல வேலைகள் செய்தோம். எதுவும் சாதாரணமாக இல்லை.

தட்டுகளை நான் நகர்த்தினேன். ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினேன். அம்மா ஜன்னலைச் சாத்தினாள். அப்பாதான் பெரிய பிரச்சினை. முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். அவர் ரகசியம் பேசினால் அடுத்த தெருவில் இறங்க வேண்டியவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள்.

"அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்காதீங்க," என்றாள் அம்மா.

"மூச்சு விடலாமா?"

"மூக்கு வழியா விடுங்க."

மீட்டரைச் சரிபார்க்க ஒரு சின்ன உருளை உண்டு. மைக்கின் தலையில் தொப்பி மாதிரி கவிழ்த்துப் பொத்தானை அமுக்கினால் ஒரே சீராகக் கூவும். அம்மா அதை விசில் என்பாள். விசிலின் சத்தம் தொண்ணூற்று நான்கு டெசிபல். கூடாது, குறையாது. மீட்டரும் தொண்ணூற்று நான்கு என்று காட்ட வேண்டும். காட்டினால் மீட்டர் யோக்கியம். வருஷாந்தர சோதனைக்காக விசிலைத் தலைமை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நான்கு வாரத்துக்கு மேல் ஆகி முந்தின நாள்தான் திரும்பி வந்திருந்தது.

கவிழ்த்தேன். அமுக்கினேன். 90.0.

எடுத்துத் துடைத்து மறுபடி கவிழ்த்தேன். 90.0. பேட்டரியை மாற்றினேன். 90.0.

அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "விசில் கெட்டுப்போச்சா?"

"இல்லம்மா. சான்றிதழோட வந்திருக்கு."

மீட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன்.  ஒவ்வொரு மைக்குக்கும் ஓர் உணர்திறன் எண் உண்டு. எந்த மைக் மாட்டியிருக்கிறது என்பதை அந்த எண்ணைக் கொடுத்துத்தான் மீட்டருக்குச் சொல்ல வேண்டும். பழைய மைக்கின் எண் ஐம்பது. புது மைக்கின் எண் முப்பத்தொன்றரை. திரையில் ஐம்பது இருந்தது. இந்த வித்தியாசம் சரியாக நான்கு டெசிபல்.

மைக்கை மாற்றியது நான். நான்கு வாரத்துக்கு முன்னால் மீட்டர் மாடிப்படியில் விழுந்து மைக் நசுங்கியது. அலுவலகத்தில் மனு போட்டால் ஆறு மாதம் ஆகும். காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்க்கும் கம்பெனியில் எனக்கு வேலை. அங்கே மூலையில் கிடந்த ஒரு மைக்கை எடுத்து வந்து மாட்டினேன். எடுத்ததற்குச் சீட்டு எழுதவில்லை. பேசிப் பார்த்தேன், எண் ஏறியது, இறங்கியது. போதும் என்று நினைத்தேன். அன்று வெள்ளிக்கிழமை மாலை.

விசில் வைத்துப் பார்க்காமல் எதையும் அளக்கக் கூடாது என்பது அம்மாவே பிடிவாதமாகக் காப்பாற்றி வந்த விதி. விசில் ஊரில் இல்லை. புகார்கள் குவிந்து கிடந்தன. "நீ பாத்துட்டியா?" என்று கேட்டாள். "பாத்துட்டேன்," என்றேன். "அப்ப சரி," என்றாள். இருபத்தேழு வருஷ வேலையில் அவள் ஒரே ஒரு தடவை விதியை விட்டது அன்றைக்குத்தான். என் வார்த்தையை நம்பி.

இப்போது என்னை அவள் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய்க் குறிப்பேட்டை எடுத்து வந்தாள்.

அந்தக் குறிப்பேட்டைப் பற்றிச் சொல்லாமல் அம்மாவைப் பற்றிச் சொல்ல முடியாது. அவள் நகராட்சியின் சுகாதார ஆய்வாளர். தேங்கிய தண்ணீர், ஹோட்டல் சமையலறை, குப்பை எல்லாம் பொதுவான வேலை. சத்தம் பற்றிய புகார் என்றால் அலுவலகமே அவள் மேசையைக் கை காட்டும். 'காதக்கா' என்று அங்கே பெயர். ஊர்ச் சண்டையில் பாதி சத்தமாகத்தான் வெளியே வருகிறது என்பாள். பக்கத்து வீட்டுத் தையல் மெஷின் சத்தம் தாங்கவில்லை என்று ஒருவர் மூன்று பக்கம் எழுதியிருந்தார். போய்ப் பார்த்தால் மெஷின் விற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெண் கேட்டுக் கொடுக்காத கோபம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மேல் வீட்டில் ராப்பகலாக எதையோ இடிக்கிறார்கள் என்று இன்னொரு அம்மாள். இடித்தது அவர் வீட்டுத் தண்ணீர்க் குழாய். மேல் வீட்டுக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்க அந்த அம்மாளுக்குத் துணையாக அம்மாவே படியேறினாள்.

புகார் வந்தால் பதினான்கு நாளுக்கான ஒரு தாளைக் கொடுப்பாள். எத்தனை மணிக்குச் சத்தம், அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று நிரப்ப வேண்டும். பாதிப் பேர் ஐந்தாம் நாளிலேயே கோபம் ஆறித் தாளைத் தொலைத்துவிடுவார்கள். நிரப்பிக் கொண்டுவருகிறவர் வீட்டுக்குச் சொல்லாமல் போவாள். போனதும் மீட்டரை எடுக்க மாட்டாள். புகார் கொடுத்தவர் எங்கே படுப்பாரோ, எங்கே உட்காருவாரோ, அங்கே போய்ப் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்காருவாள். பிறகு குறிப்பேட்டில் பென்சிலால் ஓர் எண் எழுதுவாள். அது காதின் கணக்கு. அப்புறம்தான் மீட்டர். அதன் எண்ணைப் பேனாவால் எழுதுவாள். அறிக்கைக்குப் போவது பேனா எண் மட்டும். பென்சில் எண் அவளுக்காக. இரண்டுக்கும் ஒன்று, மிஞ்சிப் போனால் ஒன்றரை வித்தியாசம் இருக்கும். சனிக்கிழமை தோறும் அடுத்த வாரத்துக்கான பக்கங்களுக்குத் தலைப்புப் போட்டு வைத்துவிடுவாள்: நாள், இடம், கீழே 'காது', அதற்குக் கீழே 'மீட்டர்'.

காதை அவள் கண் மாதிரி காப்பாற்றினாள். பஸ்ஸில் பஞ்சு வைத்துக்கொள்வாள். போனைக் காதில் வைக்கவே மாட்டாள்; ஸ்பீக்கரில் போட்டு முன்னால் பிடித்துக்கொள்வாள். அவளுடைய அலுவலக ரகசியங்கள் எல்லாம் எங்களுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

விசில் ஊரில் இல்லாத நான்கு வாரத்தில் ஐந்து இடங்களை அளந்திருந்தாள். ஐந்து பக்கங்களையும் மேசையில் எனக்கு முன்னால் திருப்பினாள். மரப்பட்டறை: பென்சில் 71, பேனா 67.1. ஐந்திலும் பேனா நான்கு குறைவாக இருந்தது.

"அம்மா, உனக்கு அப்பவே தெரியலையா?"

"தெரிஞ்சுது," என்றாள். "காதுக்கு வயசாயிடுச்சுன்னு நெனச்சேன். ரிட்டயர் ஆகப் போறோம், அதான் காதும் மூட்டை கட்டுதுன்னு."

நான்கு இடங்களில் இந்த நான்கு டெசிபலால் ஒன்றும் மாறாது. மரப்பட்டறை எப்படியும் எல்லையைத் தாண்டியிருந்தது. மற்ற மூன்று எப்படியும் எல்லைக்குக் கீழே. ஐந்தாவது ஒரு லாண்டரியின் மாடி அறை. பகலில் படுக்கையறைக்குள் நாற்பத்தைந்துக்கு மேல் போகக் கூடாது. பேனா 43.2. பென்சில் 47.

அம்மாவின் விரல் அந்த 47 மேலேயே இருந்தது. பேச்சு அனுமதி இன்னும் கிடைக்காத அப்பா கதவோரம் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாடி அறையில் இருந்தவள் ஒரு நர்ஸ். இரவு ஷிஃப்ட். காலை ஒன்பதுக்குப் படுத்து மூன்றுக்கு எழுந்தால்தான் வேலைக்குப் போக முடியும். கீழே லாண்டரியில் துணியைப் பிழியும் மெஷின் பத்து மணிக்கு ஆரம்பிக்கும். லாண்டரிக்காரர்தான் வீட்டுக்காரரும். 'எல்லைக்குள் இருக்கிறது' என்று அம்மா எழுதிய அறிக்கையை வைத்து, பொய்ப் புகார் கொடுத்துத் தொழிலைக் கெடுக்கிறாள், காலி செய்யச் சொல்லுங்கள் என்று வாடகை மன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார். அந்த வழக்கின் நகலை நர்ஸ் முந்தின வாரம் கொண்டுவந்து அம்மாவின் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். "மொதப் பக்கத்துல நீங்க எழுதினதுதான் மேடம்" என்று மட்டும் சொன்னாளாம். விசாரணை திங்கள் பதினொரு மணிக்கு.

அம்மா சுகாதார அலுவலரைக் கூப்பிட்டாள். அவளைவிடப் பத்து வயது சின்னவர். போன் மேசை நடுவில் கிடந்தது.

"மறுபடி அளக்க உத்தரவு வேணும் சார். இன்னிக்கே. நாளைக்கு லாண்டரி லீவு."

முழுக்கக் கேட்டார். பிறகு ஒரு பெருமூச்சு. "மேடம், இன்னும் நாப்பது நாள். மாலை போட்டு, ரெண்டு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பலாம்னு இருக்கோம். நீங்க எதுக்கு வேலில போற ஓணானை எடுத்து விட்டுக்கறீங்க?"

"அறிக்கை தப்பு சார்."

"தப்புன்னு யாருக்குத் தெரியும்? உங்களுக்கும் எனக்கும். அந்தப் பொண்ணைப் புதுசா ஒரு புகார் கொடுக்கச் சொல்லுங்க. அடுத்த மாசம் வேற ஆள் அளப்பாங்க."

"அடுத்த மாசம் அவ அந்த வீட்டுல இருக்க மாட்டா."

அவர் குரலைத் தாழ்த்தினார். "மைக்கை மாத்தினது யாருன்னு கேப்பாங்க. அரசாங்கக் கருவி. உங்க பொண்ணு பேரைச் சொல்வீங்களா? அதுக்கும் வேலைல வேட்டு வைப்பாங்களே. யோசிங்க மேடம்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "சரி சார், யோசிக்கிறேன்," என்று போனை அணைத்தாள். எழுந்து பையைத் தோளில் மாட்டினாள்.

"என்னடி உக்காந்திருக்க? அந்த நம்பரை மாத்திட்டு, விசில் வெச்சுப் பாத்துட்டு வண்டிய எடு."

"உத்தரவு?"

"யோசிக்கச் சொன்னாரு. போற வழில யோசிக்கலாம்."

லாண்டரி தெருவில் திரும்பும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கே கேட்டது, சத்தமாக இல்லை, பல்லில் உட்காரும் ஓர் அதிர்வாக. வண்டியை நிறுத்துவதற்குள் லாண்டரிக்காரர் பையைப் பார்த்துவிட்டார். கை மட்டும் பின்னால் போனது. சத்தம் இறங்கி, இறங்கி, நின்றது.

"வாங்க மேடம். துணி கொண்டு வந்தீங்களா?"

"காது கொண்டு வந்தேன்."

"மெஷினுக்கு ஒடம்பு சரியில்ல. இன்னிக்கு லீவு." சிரித்தார். கெட்ட மனிதர் முகம் இல்லை. கண்ணுக்குக் கீழே அவருக்கும் கறுப்பு வளையம் இருந்தது. "ஏன் மேடம், நீங்களே எழுதிக் கொடுத்தீங்க, எல்லாம் சரின்னு. பகல்ல தூங்கறவங்களுக்காக ஊரே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்கணுமா?"

"நான் எழுதினது தப்புங்க. மறுபடி அளக்க வந்திருக்கேன். மெஷினப் போடுங்க."

சிரிப்பு போய்விட்டது. "போட மாட்டேன்."

"அப்ப மேல போய் உக்காந்திருக்கேன். எப்பப் போடறீங்களோ போடுங்க."

மாடிப்படியின் உச்சியில் நர்ஸ் நின்றாள். தூக்கம் கலைந்த முகம், கலைந்த தலை. நடந்ததை எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"நீங்க வந்தாலே அமைதிதான் மேடம். தெனம் வந்து உக்காருங்களேன், வாடகைல பாதி தரேன்."

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். ஓர் அறை, ஒரு சமையல் மூலை. ஜன்னலுக்குத் தடிமனான போர்வை அடித்திருந்தது. கட்டிலின் நாலு காலுக்குக் கீழேயும் பழைய ரப்பர்ச் செருப்பை வெட்டி வைத்திருந்தாள், அதிர்வு ஏறாமலிருக்க.

"தப்பு என்னுது," என்றாள் அம்மா, நின்றபடியே. "மீட்டர் நாலு கொறச்சுக் காட்டியிருக்கு. நான் பாக்காம விட்டுட்டேன். உன் புகார் உண்மை."

நர்ஸ் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"ஒரு மாசம் மேடம். அவர் என்னைப் பைத்தியம்னாரு. அது பரவால்ல. எனக்கே அப்படித் தோண ஆரம்பிச்சிடுச்சு. மீட்டரே இல்லங்குது, அப்ப என் மண்டைக்குள்ளதான் ஓடுதுன்னு." கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "போன வாரம் ஒரு குழந்தைக்கு மருந்து அளவைப் பத்து மடங்கு எழுதிட்டேன். பக்கத்து வார்டுக்காரி பாத்தா. பாக்கலைன்னா?"

அம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் மீட்டரை ஸ்டாண்டில் பொருத்தி, கட்டிலின் தலைமாட்டில் வைத்தேன். விசில், 94.0. காத்திருந்தோம்.

மூன்று மணி நேரம். கீழே அவரும் காத்திருந்தார். பிழியாத துணி தொட்டியில் மலையாகக் கிடந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர்கள் வந்து கத்துவது மேலே கேட்டது. "நாளைக்கு விசேஷம்யா, ஈரத் துணியையா கட்டிக்கிட்டுப் போவேன்?" என்று ஒருவர்.  மீட்டர் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு என்று காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் யாரோ கதவைச் சாத்தினால் ஒரு துள்ளல். மீண்டும் முப்பத்தொன்று. அம்மா கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை.

ஐந்தரைக்கு ஷட்டர் இறங்கும் சத்தம். மீட்டர் எழுபத்தாறுக்குப் போய் வந்தது.

"ஜெயிச்சுட்டாரு," என்றாள் அம்மா.

நர்ஸ் அதற்குள் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தாள். எழுப்பாமல் இறங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அம்மா அதே சமையலறை மேசையில் ஒரே ஒரு பக்கக் கடிதத்தை எழுதினாள். எழுதுவாள், கிழிப்பாள். மாலையில் என்னைக் கூப்பிட்டு வாசிக்கக் கொடுத்தாள். அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். கருவியில் நான்கு டெசிபல் பிழை. திருத்திய அளவு 47.2. விசில் சோதனை இல்லாமல் அளந்தது என் தவறு. மைக்கைப் பற்றிய வரியில் 'வெளியாள் ஒருவரால் மாற்றப்பட்டது' என்று இருந்தது.

"என் பேரு இல்லியே."

"எழுத வேண்டிய அவசியம் இல்ல."

"கேட்டாங்கன்னா?"

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தாள். "கேட்டா சொல்லுவேன்."

ஹாலிலிருந்து அப்பா, அவருடைய மெதுவான குரலில், "கேக்காம இருக்கணும்னு நெனச்சுக்குவோம்," என்றார். தெருவில் போன யாரோ திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

வாடகை மன்றம் என்பது பழைய தபால் கிடங்கின் முதல் மாடியில் ஓர் அறை. ஆறு பெஞ்சு, ஒரு மேசை, டக் டக்கென்று தட்டும் ஒரு மின்விசிறி. அறிக்கை எழுதியவர் நேரில் வரத் தேவையில்லை, காகிதம் போதும். அம்மா முன் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் கடைசியில். நர்ஸ் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். சீருடைக்கு மேல் ஒரு சால்வை. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒருவர்தான் மன்ற உறுப்பினர். கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

லாண்டரிக்காரரின் வக்கீல் எழுந்தார். இளைஞர், நல்ல குரல்.

"போன மாசம் நாப்பத்து மூணு. இன்னிக்கு நாலு கூட்டி நாப்பத்தேழு. நாளைக்கு எட்டு கூட்டுவாங்க. வீட்டுக்காரர் வாசல்ல மூணு மணி நேரம் மெரட்டற மாதிரி உக்காந்திருந்திருக்காங்க, அதுவும் உத்தரவு இல்லாம. மைக்கை மாத்தின அந்த வெளியாள் யாருங்க?"

மின்விசிறி தட்டியது. அம்மா தண்ணீர் தம்ளரைத் தொட்டாள், எடுக்கவில்லை.

"என் மக," என்றாள். "பின்னால உக்காந்திருக்கா. அவ மாட்டினா. நான் சோதிக்காம அளந்தேன். சோதிக்க வேண்டியது என் வேலை, அவ வேலை இல்ல."

நான் எழுந்து நின்றேன். யாரும் என்னை எழச் சொல்லவில்லை.

"ஆக, குடும்பமா சேர்ந்து ரிப்பேர் பண்ணியிருக்கீங்க," என்றார் வக்கீல். பெஞ்சில் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

உறுப்பினர் சிரிக்கவில்லை. "நாலு டெசிபல் பிழைன்னு சொல்றீங்க. சனிக்கிழமை அந்தப் பிழை இருந்துது, சரி. ஆனா அன்னிக்கு, அந்த மாடில அளந்தப்பவும் இருந்துதுன்னு எதை வெச்சு நம்பறது?"

அம்மா குறிப்பேட்டை மேசையில் வைத்தாள். பென்சில் எது, பேனா எது என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னாள்.

வக்கீலுக்கு இது அல்வா சாப்பிட்ட மாதிரி. "காதாலயே அளப்பீங்களா? அப்ப இப்பச் சொல்லுங்க. இந்த ரூம் எவ்வளவு?"

 சொல்லிவிடுவாள், சரியாகவும் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மீட்டர் என் மடியில் இருந்தது.

"இது வித்தை காட்டற எடம் இல்லீங்க," என்றாள் அம்மா. "என் காதை யாரும் நம்ப வேண்டாம். நானே நம்பல, அதனாலதான் இங்க வந்து நிக்கறேன். அய்யா எந்தப் பக்கம் வேணும்னாலும் பொரட்டிப் பாருங்க. அப்புறம் அந்த நாலு வாரத்தைப் பாருங்க."

உறுப்பினர் புரட்டினார். அவசரப்படவில்லை. விரலை எச்சில் தொட்டு நடுவில் ஒரு பக்கம், முன்னால் ஒரு பக்கம். உதடு அசைந்தது: அறுபத்தொண்ணு, அறுபது. முப்பத்தெட்டு, முப்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூணு. பிறகு அந்த ஐந்து பக்கங்கள். அங்கே வெகுநேரம் நின்றார். வக்கீலைக் கூப்பிட்டுக் காட்டினார். வக்கீலும் குனிந்து பார்த்தார். ஐந்து இடம், ஐந்து விதமான சத்தம், ஒரே நான்கு.

"காது கெட்டிருந்தா இப்படி ஒரே மாதிரி கெடாது," என்றார் உறுப்பினர், தனக்கே சொல்லிக்கொள்வது போல.

அறிக்கையை ஒதுக்கி வைத்தார். காலி செய்யும் வழக்குக்கு இரண்டு வாரம் தவணை. வேறு வட்டத்து ஆய்வாளர், சொல்லாமல் போய், வேறு மீட்டரில் அளக்க வேண்டும் என்று உத்தரவு. வெளியே வராந்தாவில் லாண்டரிக்காரர் எங்களைக் கடந்து போனார். நின்று திரும்பினார்.

"உங்க தப்பை நீங்களே வந்து சொல்வீங்கன்னு நான் நெனைக்கல மேடம்."

"நீங்களும் மூணு மணி நேரம் தாக்குப் பிடிப்பீங்கன்னு நான் நெனைக்கல," என்றாள் அம்மா.

வேறு வட்டத்து ஆய்வாளர் ஒரு புதன்கிழமை போனார். 47.6. மெஷினைப் பொதுச் சுவரிலிருந்து தள்ளி நகர்த்தி, அடியில் ரப்பர்க் கட்டைகள் வைக்கச் சொன்னார்கள். லாண்டரிக்காரர் வைத்தார், வழக்கையும் திரும்ப வாங்கினார். மறுபடி அளந்தபோது 41.

அம்மாவுக்கு ஒரு மெமோ வந்தது. வெளி வேலை நிறுத்தம். மீட்டரையும் விசிலையும் ஒப்படைத்துவிட்டு மேசையில் உட்கார வேண்டும். எனக்குக் கம்பெனியில் எழுத்து மூலம் எச்சரிக்கை. இருவரும் ஒரே நாளில் கடிதங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அப்பா இரண்டையும் அருகருகே வைத்து வாசித்துவிட்டு, "ரெண்டும் ஒரே ரூட்டு," என்றார். அம்மா சிரித்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க நிறைய நாள் இருக்கிறது என்று நினைத்தேன்.

மேசைக்கு அனுப்பப்பட்ட இரண்டாவது வாரம் நர்ஸ் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அம்மா வீட்டுக்கு வந்து இதைச் சொன்னாள்.

"நாப்பத்தொண்ணுன்னு சொல்றாங்க மேடம். நல்ல அளவுதான்னு தெரியுது. ஆனா எனக்கு இன்னும் கேக்குது. கேக்குதா, கேக்கற மாதிரி இருக்கான்னுதான் தெரியல."

புதுப் புகார் கொடு என்று அம்மா சொல்லியிருக்கலாம். வெளி வேலை அவளுக்கு இல்லை. மீட்டரும் இல்லை. செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் வந்து பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்கிறேன் என்று சொன்னாள்.

"அந்த நேரம் நான் படுத்திருப்பேனே மேடம்."

"கதவைச் சும்மா சாத்தி வை. நீ தூங்கிக்கிட்டு இருந்தா எழுப்ப மாட்டேன். அப்படியே எறங்கி வந்துடுவேன். அதைவிட வேற அளவு எதுக்கு?"

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலைத் திறக்கப் போன அம்மா ஜன்னலடியில் உட்கார்ந்தாள். அப்பா கூப்பிட்டார். அவருடைய குரலுக்கு அவள் திரும்பாமலிருந்தது அதுதான் முதல் தடவை. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். இதயம். ஓய்வு பெற இன்னும் பதினொரு நாள் இருந்தது.

பத்து நாள் கழித்து சுகாதார அலுவலர் ஓர் அட்டைப்பெட்டியுடன் வந்தார். அவளுடைய மேசையிலிருந்தவை. பஞ்சு, கண்ணாடிக்கூடு, முனை சீவிய நான்கு பென்சில், குறிப்பேடு. பெட்டியைக் கீழே வைத்தார். "நான் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதும்மா," என்றார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

அவர் போன பிறகு குறிப்பேட்டைத் திறந்தேன். சனிக்கிழமையே அவள் தலைப்புப் போட்டு வைத்திருந்தாள். செவ்வாய், மதியம் 1.15, லாண்டரி மாடி. கீழே 'காது'. 'மீட்டர்' என்ற வரியை எழுதவேயில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்றேகால் மணிக்கு எங்கள் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நர்ஸுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கோ அப்பாவுக்கோ தோன்றவில்லை. அவள் கதவைத் தாழிடாமல் படுத்திருப்பாள். தூங்கினாளா, படியில் கால் சத்தம் கேட்குமென்று விழித்துக் கிடந்தாளா, தெரியாது.

'காது' என்பதற்கு எதிரே காலியாக இருக்கிறது.